பொறந்தவூட்டுக் கல்

கண்ணம்மாள்: மெதுவாய்யா... துடுப்ப மெதுவாப் போடு. கோயிலு மேல போறோம்.

வெங்கடாசலம்: கோயிலா? சுத்திலும் தண்ணியும் மூட்டமுமா இருக்கு. எங்க இருக்கு கோயில்?

சென்றாயன்: எம் பொஞ்சாதி அப்புடித்தானுங்க சர்வேயரய்யா. பரிசல்ல ஏறுனாப் போதும், அணை கட்டுனதும் ஊரு முழுவிப்போனதும் அவளுக்கு மறந்துரும். அடியில கெடக்கற மடுவுக்கொட்டாயிலதான் நடந்துக்கிட்டு வருவா.

கண்ணம்மாள்: மாரியம்மன் கோயிலுங்கய்யா. நமக்கு நேர் கீழ. எட்டாள் ஆழம்.

வெங்கடாசலம்: கண்ணுக்குத் தெரியாததை இவ்வளவு கறாராச் சொல்றியேம்மா...

கண்ணம்மாள்: அதோ, மூட்டத்துக்குள்ள குன்னு மாதிரி ஒரு கரடு நிக்குதுங்களா? அதோட மூக்கும் இந்தப் பாறையும் ஒன்னாச் சேந்து தெரிஞ்சா கோயிலு. இன்னும் நாலு துடுப்பு போட்டா எங்க மாமியா வூடு.

சென்றாயன்: அங்க மட்டும் ஓங்கிப் போடச் சொல்லுவாங்கய்யா.

கண்ணம்மாள்: செத்துப்போன மனுசி... உன்னப் பெத்தவ. பேச்சப் பாரு!

வெங்கடாசலம்: ரெண்டு பேரும் சண்டை போடறப்ப பரிசல் சுத்துது. எனக்கு நீச்சல் தெரியாது, சொல்லிட்டேன்.

சென்றாயன்: பயப்படாதீங்க. இந்த எடத்துல முழுவுனா நேராப் பஞ்சாயத்து மேடையில போயித்தான் உக்காருவீங்க. நாலு பேரு வந்து வழக்குச் சொல்லுவாங்க, கேட்டுக்கிட்டு இருக்கலாம்.

வெங்கடாசலம்: வேடிக்கையெல்லாம் இருக்கட்டும். நாளைக்கு வெள்ளைக்காரத் தொரை குத்தகை விசயமா இங்க முகாம் போடுறார், தெரியுமில்ல? அவருகிட்ட இந்த வேடிக்கை எடுபடாது.

கண்ணம்மாள்: தெரியுங்க. அய்யாதான் சொன்னீங்களே.

வெங்கடாசலம்: மறுபடியும் சொல்றேன், நல்லாக் கேட்டுக்கங்க. ஏரி முழுசும் மீன் குத்தகைக்கு ஏலம் விடப்போறாங்க. குத்தகைக்காரன் வந்துட்டா, உங்க ஊரு சனம் கரையில கால் வைக்க முடியாது.

சென்றாயன்: வரப்போறவன் ஆளுங்க இப்பவே தடத்துல முள்ளு வெட்டிப் போட்டுட்டாங்க. போன வாரம் எங்க பங்காளி குள்ளன் வலையப் புடுங்கி நெருப்புல போட்டாங்க.

வெங்கடாசலம்: கேள்விப்பட்டேன். ஆனா உத்தரவுல ஒரே ஒரு எடம் இருக்கு. அணையால ஆத்துத் துறையை எழந்த சனத்துக்கு ஒரு துறை, அதுக்கு எறங்கிப்போக ஒரு தடம், மீனு முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்கிற எடம் ஒன்னு... இந்த மூணையும் குத்தகையில சேக்காம எல்லாருக்கும் பொதுவா விடலாம்.

கண்ணம்மாள்: அந்த ஒன்னு போதுங்க எங்களுக்கு. வேறெதுவும் கேக்கல.

வெங்கடாசலம்: பொறு. சும்மா விட்டுட மாட்டாங்க. அந்த எடத்துல தொன்றுதொட்டு மாமூல், அதாவது வழக்கம், இருக்கணும். நேத்து மொளைச்ச எடம்னா செல்லாது.

சென்றாயன்: தொன்றுதொட்டுன்னா எத்தினி வருசங்க?

வெங்கடாசலம்: உன் தாத்தனுக்குத் தாத்தன் காலத்துல இருந்துன்னு வெச்சுக்கயேன்.

சென்றாயன்: இந்தக் கரை பொறந்தே எட்டு வருசந்தானுங்களே ஆவுது?

கண்ணம்மாள்: இந்தாய்யா!

சென்றாயன்: இல்ல... பள்ளம் பழசுங்க. மலையில இருந்து எறங்கி வர்ற ஓடைப் பள்ளம். அது எங்க தாத்தன் காலத்துலயும் ஓடுச்சு. கரைதான் புதுசு. அதச் சொல்ல வந்தேன்.

வெங்கடாசலம்: ம்... நீ வாயைத் தொறந்தா உங்க ஊருக்கே ஆபத்து போலிருக்கு. நீ சொல்லும்மா. என்ன மாமூல் அது? மொதல்லயிருந்து சொல்லு.

கண்ணம்மாள்: ஆடி மாசம் மலையில மழை புடிச்சுதுன்னா பள்ளத்துல மொதச் செந்தண்ணி வருமுங்க. அந்த வாசனை ஆத்துக்குப் போனதும், சூலு நெறஞ்ச மீனு அத்தினியும் எதுத்து ஏறி வரும். கெண்டை, சேலு... வயிறு பெருத்து, நகர மாட்டாம நகந்து வரும். முட்டை போடத்தான் வருது. எங்க சனம் அத மீனுன்னு சொல்லாதுங்க. மவ வந்துட்டான்னு சொல்லும்.

வெங்கடாசலம்: மகளா?

கண்ணம்மாள்: ஆமாங்க. தலைப்பிரசவத்துக்குப் பொறந்தவூட்டுக்கு வர்ற மவ. வந்தவள யாராச்சும் வலை வீசிப் புடிப்பாங்களா? ஒம்பது நாளு ஊருல யாரும் வலையத் தொட மாட்டோம். தூண்டி போட மாட்டோம். அந்தத் தண்ணியில துணிகூடத் தொவைக்க மாட்டோம். பள்ளம் வந்து சேர்ற வாயில பொறந்தவூட்டுக் கல்லுன்னு ஒன்னு இருக்குது. அதுக்கு மஞ்சப் பூசி, பொம்பளைங்க ஆளுக்கு ரெண்டு கண்ணாடி வளையலு போடுவோம்.

வெங்கடாசலம்: மீனுக்கு வளைகாப்பு!

சென்றாயன்: சிரிக்காதீங்க. இவளுக்கு வளைகாப்புப் போட்டப்ப நான் வாங்குனது அரை டசனு. வருசா வருசம் மீனுக்கு வாங்குனதக் கணக்குப் போட்டா...

கண்ணம்மாள்: சொல்லிக் காட்டறதப் பாரு. பாப்பாரப்பட்டிச் சந்தையில வளையக்காரன் முன்னாலயே இதத்தான் சொன்னாருங்க. மானம் போச்சு.

வெங்கடாசலம்: பத்தாம் நாள் என்ன பண்ணுவீங்க?

கண்ணம்மாள்: கேவுரு களி உருட்டி, தண்ணியில வுட்டு, போயிட்டு வா தாயின்னு சொல்லுவோம். அப்பறந்தான் வலை. அப்பறம் எந்த ஊருக்காரன் வந்தாலும் புடிக்கலாம், யாரையும் வேண்டாங்க மாட்டோம். மூணு ஊரு சனம் அதுல கஞ்சி குடிச்சுதுங்க.

வெங்கடாசலம்: குத்தகைக்காரனுக்கு விட்டா?

கண்ணம்மாள்: பள்ளத்து வாயில குறுக்கால வலை கட்டிருவான். வயித்தப் புடிச்சுக்கிட்டு வர்றவள வாசல்லயே அள்ளிருவான். ஒரு வருசம், ரெண்டு வருசம்... அப்பறம் அவனுக்கும் மீனு இருக்காது, எங்களுக்கும் இருக்காது. இந்தத் தண்ணி சும்மா கெடக்கும்.

வெங்கடாசலம்: என்னப்பா, துடுப்பை நிறுத்திட்ட?

சென்றாயன்: எங்க ஆத்தா வூடுங்க. இதுக்கு மேல வர்றப்ப ஒரு நிமிசம் நிறுத்துவேன். இவ ஓங்கிப் போடச் சொல்லுவான்னது கேலிக்குச் சொன்னது...

கண்ணம்மாள்: அவரு நிறுத்துவாருன்னு எனக்குத் தெரியும். அந்த நெனப்பு வராம இருக்கட்டும்னுதான் நான் பேசிக்கிட்டே வந்தேன்.

வெங்கடாசலம்: ரொம்ப அமைதியா இருக்கு. ஆடிக்காத்தையே காணோமே இன்னிக்கு.

கண்ணம்மாள்: தண்ணிக்கு அடியில சத்தம் கேக்குதுங்களா? உத்துக் கேளுங்க... ஒரல்ல இடிக்கற மாதிரி, தொம்மு... தொம்முன்னு.

வெங்கடாசலம்: எனக்கு என் நெஞ்சு அடிக்கிறதுதான் கேக்குது.

கண்ணம்மாள்: எங்களுக்கும் அப்புடித்தான் இருக்கும். ஆனா நாங்க ஒரலுன்னு நெனச்சுக்குவோம்.

வெங்கடாசலம்: ...கௌம்பலாமா?

சென்றாயன்: போலாங்க. ஏ புள்ள, அந்தக் கொம்ப எடு. பள்ளத்து வாயி வந்துருச்சு, ஆழம் கொறையுது.

கண்ணம்மாள்: அய்யா இந்தப் பக்கம் முன்ன எப்பவாச்சும் வந்திருக்கீங்களா?

வெங்கடாசலம்: நானா? இல்ல. புதுசு. எங்களுக்கு ஒரு ஜில்லாவா ரெண்டு ஜில்லாவா...

கண்ணம்மாள்: சும்மாதாங்க கேட்டேன்.

சென்றாயன்: எறங்குங்க. கையக் குடுங்க... அப்புடித்தான். கால் வழுக்கும், பாத்து. இதாங்க எங்க துறை. அதோ அந்தக் காரைச் செடிக்கு அந்தாண்ட இருந்து, இப்ப நாங்க குடியிருக்கற மேட்டுக்கொட்டாய்க்குத் தடம் போவுது.

வெங்கடாசலம்: அந்த வேப்பமரம் பட்டுப்போச்சா?

சென்றாயன்: எந்த வேப்பமரங்க?

வெங்கடாசலம்: ...பழைய பிளான்ல ஒரு மரம் போட்டிருந்தது. அதைக் கேட்டேன்.

சென்றாயன்: அதக்கூடவா பிளான்ல போடறாங்க! தண்ணி நின்னு வேரு அழுவிருச்சுங்க. மூணு வருசமாச்சு.

வெங்கடாசலம்: சரி, வேலையைப் பாப்போம். நான் தொரை மாதிரி கேப்பேன், மனசுல வெச்சுக்காதீங்க. பிளான்ல இது புஞ்சைக் கொல்லைன்னு இருக்கு. செம்மண் பூமி. காலுக்குக் கீழ பாரு... உருண்டை உருண்டையாக் கூழாங்கல். தண்ணிக்குள்ள கண்ணு போற வரைக்கும் கூழாங்கல். செம்மண் கொல்லையில இது எப்படி வந்தது?

சென்றாயன்: ஆறு கொண்டாந்து போட்டுதுங்க.

வெங்கடாசலம்: ஆறு கீழ ஓடுது. கீழ இருந்து மேட்டுக்கு எந்த ஆறு கல்லைத் தூக்கிட்டு வரும்?

சென்றாயன்: அது... எங்க ஆறு கொஞ்சம் முரடுங்க.

கண்ணம்மாள்: பள்ளம் உருட்டிக்கிட்டு வந்துதுங்கய்யா. மலையில இருந்து.

வெங்கடாசலம்: பள்ளத்துக்கு மேல நேத்தே நடந்து பாத்துட்டு வந்தேன். ஒத்தைக் கூழாங்கல் இல்ல. அது போகட்டும். சென்றாயா, உன் உச்சந்தலையில முடி எங்க?

சென்றாயன்: என்னாங்கய்யா திடீர்னு... கொட்டிப்போச்சுங்க. வயசாவுதில்ல?

வெங்கடாசலம்: வட்டமாக் கொட்டியிருக்கு. சும்மாடு வெச்ச எடத்துல மட்டும்.

சென்றாயன்: ஆயிரத்துச் சொச்சம் கூடைங்க! எந்தத் தலை தாங்கும்? அதுலயும் இவ, கூடைய நெறப்பி நெறப்பி—

கண்ணம்மாள்: போச்சு. போச்சுய்யா. எல்லாம் போச்சு.

சென்றாயன்: ...நான் வெறகுக் கூடையச் சொன்னேனுங்க.

வெங்கடாசலம்: வெறகை யாருப்பா கூடையில நெறப்புவா? சரி, அதை விடு. இதுதான் அந்தக் கல்லா?

கண்ணம்மாள்: ஆமாங்க. எங்க... பொறந்தவூட்டுக் கல்லு.

வெங்கடாசலம்: கல் பழசுதான். மஞ்சள் பட்டை பட்டையா ஏறி நிக்குது. ம்... நல்லா நட்டிருக்கு. அசையல.

சென்றாயன்: என்னாங்கய்யா, கல்ல எடது கையால மூணு தட்டுத் தட்டறீங்க?

வெங்கடாசலம்: பழக்கம். சர்வேக்காரன் கல்லைப் பாத்தாத் தட்டுவான். சரி, இந்த அடி மண்ணைக் கொஞ்சம் விரலால தோண்டிப் பாக்கறேன்... ஏம்மா, இங்க வா. இது என்ன?

கண்ணம்மாள்: மஞ்சளுங்க.

வெங்கடாசலம்: மண்ணுக்குக் கீழ ஒரு முழம் வரைக்கும் மஞ்சள் இருக்கு. மண்ணுக்குள்ள கைய விட்டு யாராவது மஞ்சள் பூசுவாங்களா? வேற எங்கயோ மேல தெரிஞ்சுக்கிட்டு நின்ன கல்லை, இங்க கொண்டாந்து, தேவைக்கு மேல ஆழமா எறக்கியிருக்கு. பாத்தவுடனே தொரை இதைத்தான் கேப்பார். என்ன சொல்லுவ?

கண்ணம்மாள்: ...மண்ணு ஏறிப்போச்சுங்க. வருசா வருசம் பள்ளத்து வண்டலு படிஞ்சு, கல்லு கொஞ்சங் கொஞ்சமாப் பொதைஞ்சுபோச்சு.

வெங்கடாசலம்: நல்ல பதில். இதையே சொல்லு. தலையக் குனியாம சொல்லு. இப்ப குனிஞ்ச மாதிரி குனியாதே.

சென்றாயன்: அய்யா... நீங்க யாரு பக்கம்?

வெங்கடாசலம்: நான் சர்க்கார் பக்கம். சும்மா இரு. வளையல் துண்டு எங்க? நூறு வருசமாப் போட்டிருந்தா ஒடைஞ்சது கெடக்கணுமே.

கண்ணம்மாள்: கூழாங்கல்லுக்கு நடுவுல பாருங்க. கைய வுட்டு அள்ளுங்க... அது எங்க மாமியாளுங்க காலத்துப் பச்சை. அந்தக் கருப்பு அதுக்கும் முன்னால. இப்பல்லாம் அந்த மாதிரி கெட்டி வளையலு வர்றதில்ல.

வெங்கடாசலம்: அடேயப்பா... தேஞ்சு வழவழன்னு இருக்கு. இது பொய் இல்ல.

கண்ணம்மாள்: அது பொய்யி இல்லீங்கய்யா. கல்லோடவே வந்துருச்சு... நாங்க தேடி எடுக்கல. கல்ல அள்ளுனா கூடவே வருது.

வெங்கடாசலம்: எங்க இருந்து அள்ளினா?

கண்ணம்மாள்: அய்யா, என்னால முடியல. சொல்லிர்றேன்.

சென்றாயன்: ஏ புள்ள!

கண்ணம்மாள்: நீ சும்மா இருய்யா. சித்திரையில ஏரி வத்துச்சுங்க. கோயிலு தெரிஞ்சுது, செவுரு தெரிஞ்சுது, பள்ளம் ஆத்துல சேர்ற பழைய மடுவும் தெரிஞ்சுது. கூழாங்கல்லு அப்புடியே பளபளன்னு... ஆறு போன வருசந்தான் எந்திரிச்சுப் போன மாதிரி. ரெண்டு ஆடியா மீனு செந்தண்ணிக்கு இங்க ஏறி வந்து, இந்தச் சேத்துல சுத்திச் சுத்திப் பாத்துட்டு, முட்டை போட எடம் இல்லாம திரும்பிப் போனதக் கண்ணால பாத்தவ நான். சேத்துல போட்டா முட்டை அழுவிரும். அதுங்களுக்குக் கல்லு வேணும். மவளுக்குப் பாய் விரிக்க வேணாமா?

வெங்கடாசலம்: அதனால...

கண்ணம்மாள்: ஊரு முச்சூடும் சேந்து சுமந்தோமுங்க. ஆம்பள பொம்பள அத்தினி பேரும். மடுவுல இருந்து இந்த வாயி வரைக்கும். நாப்பது நாளு. கடேசியாப் பொறந்தவூட்டுக் கல்லையும் எடுத்தோம். பொய்யி சொல்லணும்னு மொதல்ல நெனைக்கலீங்க... பொறந்தவூடு மாறிப்போச்சு, கல்லும் மாறட்டும்னுதான் எடுத்தாந்தோம். அப்பறந்தான் இந்த உத்தரவு வந்துது. தொன்றுதொட்டுங்கற வார்த்தை வந்துது.

சென்றாயன்: முடிஞ்சுது. இனிமே குத்தகைக்காரனுக்குப் பரிசல் தள்ளிப் பொழைக்க வேண்டியதுதான்.

வெங்கடாசலம்: மீன் வந்துச்சா?

கண்ணம்மாள்: என்னாங்க?

வெங்கடாசலம்: இவ்வளவு செஞ்சீங்களே. மீன் வந்து முட்டை போட்டுச்சா?

கண்ணம்மாள்: இன்னும் இல்லீங்க. கல்லு போட்டப்பறம் இதுதான் மொத ஆடி. நேத்து சாயந்தரம் மலையில இடி கேட்டுது. வந்தா இன்னிக்கு வரணும்.

வெங்கடாசலம்: வரலைன்னா?

கண்ணம்மாள்: வரலைன்னா... தெரியலைங்க. எனக்கு அந்தப் பயந்தான். தொரைகூடப் பெரிசு இல்ல. அதுங்க வந்து, இது எம் பொறந்தவூடு இல்லன்னு திரும்பிப் போயிட்டா, அத எங்க போயி நான் சொல்லி அழுவேன்?

சென்றாயன்: உக்காரு புள்ள. நீங்களும் உக்காருங்கய்யா, அந்தப் பாறையில. செத்த நேரம் பாக்கலாம்.

வெங்கடாசலம்: தண்ணி அசையவே இல்லையே.

சென்றாயன்: பேசாம இருங்க.

வெங்கடாசலம்: ...அங்க, பள்ளத்துல ஒரு கோடு மாதிரி தெரியுது. செவப்பா.

சென்றாயன்: செந்தண்ணி! கண்ணம்மா, செந்தண்ணி எறங்குது பாரு. வாசல்ல செம்மண்ணு கரைச்சு வுட்ட மாதிரி...

கண்ணம்மாள்: கத்தாதய்யா.

வெங்கடாசலம்: ஏரித் தண்ணியோட கலக்கலை. தனியாப் போகுது, நீலத்து மேல செவப்பு. எவ்வளவு அழகு...

கண்ணம்மாள்: வாசனை உள்ள போவணும். கோயிலத் தாண்டி, இவரு ஆத்தா வூட்டத் தாண்டிப் போவணும். நேரமாவும்.

சென்றாயன்: பழைய ஊரு ஓனி, சந்து வழியாத்தான் வருவாளுங்கன்னு வெச்சுக்க.

கண்ணம்மாள்: ஆமா. ஊட்டுக்கு ஊடு நின்னு பேசிட்டுத்தான் வருவாளுங்க.

வெங்கடாசலம்: பொழுது உச்சிக்கு வந்துருச்சு. மூட்டமும் கலைஞ்சுபோச்சு.

சென்றாயன்: வரலைன்னா—

கண்ணம்மாள்: சொல்லாத.

வெங்கடாசலம்: அம்மா.

கண்ணம்மாள்: என்னாங்க?

வெங்கடாசலம்: அந்தப் பக்கம் தண்ணி மேல ஒரு மடிப்பு. காத்தே இல்ல. ஆனா மடிப்பு நகருது.

கண்ணம்மாள்: எங்க? எங்கங்க...

சென்றாயன்: ஒன்னு இல்ல. அங்க ஒன்னு. அதுக்குப் பொறத்தால... ஏ புள்ள, எண்ண முடியல!

கண்ணம்மாள்: முதுவு தெரியுது. அய்யோ, முதுவு தெரியுது... வயிறு தரையில இடிக்குது பாரு. மெதுவா வாங்கடி. மெதுவா... யாரும் தொரத்தல.

வெங்கடாசலம்: கல்லு மேல வந்து நின்னுடுச்சு. பக்கவாட்டுல சாயுது... ஒடம்பைக் கல்லுல தேய்க்குது. என்ன பண்ணுது?

சென்றாயன்: நம்ம பாக்கக் கூடாதுங்கய்யா. ஆம்பளைங்க திரும்பிக்கணும். அதான் வழக்கம்.

வெங்கடாசலம்: ஓ... சரி. திரும்பிக்கறேன்.

கண்ணம்மாள்: முட்டை போடுதுங்க. மஞ்ச மஞ்சளா... கேவுரு தெளிச்ச மாதிரி. கல்லு இடுக்குல போயி ஒட்டுது. ஏத்துக்கிட்டாளுங்கய்யா! இது பொறந்தவூடுதான்னு ஏத்துக்கிட்டாளுங்க.

சென்றாயன்: அழுவாத புள்ள. நல்ல நாளு அதுவுமா...

கண்ணம்மாள்: நீ ஏன் மூக்கு உறிஞ்சற?

சென்றாயன்: செந்தண்ணி வாசனை ஒத்துக்கல எனக்கு.

வெங்கடாசலம்: கொஞ்சம் பேசாம இருங்க ரெண்டு பேரும். எழுதிக்கிட்டு இருக்கேன். இது உலகச் சண்டை நடக்கற காலம், அடிச்சு எழுதக் காகிதம் கெடையாது.

சென்றாயன்: என்னான்னு எழுதறீங்க?

வெங்கடாசலம்: கேளு. "மேற்படி கல்லானது தொன்றுதொட்டு மேற்படி இடத்திலேயே இருந்து வருகிறது. அதைச் சுற்றியுள்ள நீரில் ஆடி மாதம் ஒன்பது நாள் வலை வீசாதிருப்பது இவ்வூராரின் மாமூல். கல்லைச் சுற்றிய நீர், துறை, தடம் மூன்றையும் பொதுவாக விட்டு, குத்தகையிலிருந்து நீக்கலாம்."

சென்றாயன்: அய்யா! நான் நடந்தத ஒளறிட்டேன், இவ முச்சூடும் சொல்லிட்டா...

வெங்கடாசலம்: செந்தண்ணிச் சத்தத்துல எனக்கு எதுவும் காதுல விழலை. நாளைக்குத் தொரையும் நான் கேட்ட இதே கேள்விகளைத்தான் கேப்பார். கூழாங்கல், மஞ்சள், வளையல். ஒரு தடவை தடுமாறியாச்சு, ரெண்டாந்தடவை தடுமாற மாட்டீங்கன்னுதான் கூட்டிட்டு வந்தேன். சென்றாயன் மட்டும் நாளைக்கு ஊருல இருக்கக் கூடாது.

சென்றாயன்: விடியறதுக்கு முன்னாலயே சந்தைக்குப் போயிர்றேனுங்க.

கண்ணம்மாள்: மகராசனா இருக்கணும் நீங்க.

வெங்கடாசலம்: ஒன்னு மட்டும் கேக்கறேன். சர்வேயராக் கேக்கலை. சர்க்கார் கண்ணுல படற மாதிரி ஒரு கல்லை எடம் மாத்தி நடறதுக்கு ஒரு துணிச்சல் வேணும். உனக்கு அது எங்கயிருந்து வந்துச்சு?

கண்ணம்மாள்: நான் ஒருத்தரப் பாத்துக் கத்துக்கிட்டனுங்க.

வெங்கடாசலம்: யாரு?

கண்ணம்மாள்: பத்து வருசத்துக்கு முன்னால, அணைத் தண்ணி எதுவரைக்கும் ஏறும்னு கல்லு நட வந்தாங்க. கல்லுக்குக் கீழ இருக்கறதெல்லாம் பதினஞ்சு நாளுல இடிக்கணும்னு சட்டம். எங்க கொல்லைக் கொட்டாயி கல்லுக்குக் கீழ போயிருச்சு. அப்ப நான் நெறமாசம். வேப்பமரத்தடியில நவர முடியாம உக்காந்திருந்தேன். பொழுது சாஞ்சுது, எல்லாரும் போயிட்டாங்க. சின்ன வயசு சர்வேயரு ஒருத்தரு மட்டும் திரும்பி வந்தாரு.

வெங்கடாசலம்: வந்து?

கண்ணம்மாள்: சுத்துமுத்தும் பாத்தாரு. நட்ட கல்லப் புடுங்கி, புள்ளையத் தூக்கற மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, எங்க கொட்டாயத் தாண்டிக் கீழ கொண்டுபோயி நட்டாரு. எடது கையால மூணு தட்டுத் தட்டுனாரு. இடிக்க வந்தவங்க கல்ல மட்டும் பாத்துட்டுப் போயிட்டாங்க. எம் மவ ராஜாமணி அந்தக் கொட்டாய்லதான் பொறந்தா. ரெண்டு வருசங் கழிச்சுத்தான் தண்ணி ஏறுச்சு. அவ பொறந்த அந்தத் தரை மேலதானுங்க இப்ப கூழாங்கல்லக் கொட்டியிருக்கறது.

சென்றாயன்: என்ன புள்ள சொல்ற? எனக்கே தெரியாதே இது!

கண்ணம்மாள்: உன்கிட்டச் சொல்லியிருந்தா சந்தை முழுக்கத் தெரிஞ்சிருக்கும். அந்தப் புண்ணியவான் வேலை போயிருக்கும்.

வெங்கடாசலம்: யாரும் பாக்கலைன்னுதான்மா இத்தனை வருசமா நெனைச்சுக்கிட்டு இருந்தேன்...

கண்ணம்மாள்: நான் பாத்தனுங்க. நீங்க கல்லப் புடுங்குன குழியப் பலகைக்கல்லு போட்டு மூடி, பத்து வருசமா மண்ணு தூந்துபோவாம வெச்சிருந்தேன்... எங்க கல்ல அதுலதானுங்கய்யா நட்டிருக்கோம். நீங்க அன்னிக்கு ரொம்ப ஆழமாத் தோண்டியிருந்தீங்க, அதான் மஞ்ச மண்ணுக்குக் கீழ போயிருச்சு.